வால்வு ஆபரேஷனுக்கு நெஞ்சை எங்கே திறப்பது: மேல்பாதி மார்பெலும்பா, வலது விலா இடுக்கா?

கேள்வி இது: அக்காவுக்கு மைட்ரல் வால்வைப் பக்கவாட்டில் சின்னக் கீறல் போட்டே சரிசெய்துவிட்டார்கள். அப்பாவுக்கு 61 வயது. அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது, ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. ஒரு மருத்துவர் மார்பெலும்பின் மேல்பாதியை அறுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் வலது விலா இடுக்கு வழியாகவே முடியும், எலும்பைத் தொடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டுமே உலகெங்கும் நடக்கிற, நல்ல பலன் தருகிற முறைகள்தான். அப்பாவுக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய சிடி ஸ்கேன் பாதி சொல்லிவிடும். மீதிப் பாதி, ஆபரேஷன் செய்பவர் எந்த வழியில் கை பழகியவர் என்பது. தோலில் கீறல் 6 சென்டிமீட்டரா 8 சென்டிமீட்டரா என்ற கணக்கை இந்த முடிவில் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த எலும்பு எவ்வளவு தூரம் பிளக்கப்படுகிறது, இதயம், நுரையீரல் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் ஹார்ட் லங் மெஷினிலிருந்து ரத்தம் எந்த வழியாக உடலுக்குள் ஏறுகிறது, உள்ளே ஏதாவது கசிந்தால் கை எட்டுமா, இந்த மூன்றும்தான் ஆபத்தையும் வலியையும் தீர்மானிப்பவை.

சின்னக் கீறல் என்பதால் கீஹோல் (சாவித்துளை) ஆபரேஷன் என்று சொன்னாலும் இது திறந்த இதய அறுவைதான். எந்த வழியாகப் போனாலும் உள்ளே நடப்பது ஒன்றே: ரத்தத்தை மெஷினுக்குத் திருப்பி, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியான அயோர்டாவைக் கிளாம்ப் போட்டு அடைத்து, கார்டியோபிளீஜியா திரவம் கொடுத்து இதயத்தை நிறுத்தி, கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்து, சுற்றிலும் பன்னிரண்டு பதினைந்து தையல் போட்டுப் புதிய வால்வை இறக்குவது. கீறல் சிறிதாவதால் இதில் ஒரு படிகூடக் குறைவதில்லை. ஒவ்வொரு படியும் கொஞ்சம் கடினமாகிறது, அவ்வளவுதான்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமே, அதற்கு முழு மார்பெலும்பு வெட்டை எடுத்துக்கொள்வோம். கழுத்துக் குழிக்குக் கீழிருந்து மேல்வயிறு தொடங்கும் இடம் வரை 20 சென்டிமீட்டர் அளவுக்குக் கீறல்; எலும்பு மேலிருந்து அடிவரை இரண்டாகப் பிளக்கப்படும். முடிந்ததும் ஆறிலிருந்து எட்டு ஸ்டீல் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவார்கள். இதயத்தின் எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எது தவறினாலும் உடனே சமாளிக்கலாம். அதனால்தான் இது இன்றும் உலகத்தில் அதிகம் செய்யப்படும் வழி. குறை என்னவென்றால், எலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சர்க்கரை நோயாளிகள், உடல் பருமன் உள்ளவர்கள், எலும்பு மெலிந்த வயதான பெண்கள் ஆகியோருக்குப் பிளவு சரியாக ஒட்டாமல் போகவும், எலும்புக்கு உள்ளே சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடுதல். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் இந்த ஆழமான தொற்று வந்துவிட்டால் வாரக்கணக்கில் படுக்கைதான்.

இனி, அக்காவுக்குப் பக்கவாட்டில் போனவர்கள் அப்பாவுக்கு ஏன் நடுநெஞ்சைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி. காரணம் வால்வுகள் பார்க்கும் திசை. மைட்ரல் வால்வு இதயத்தின் இடப்பக்கத்தில் இருந்தாலும், அதற்குள் நுழையும் வாசல் இடது மேலறை. அந்த மேலறை இதயத்தின் பின்பக்கம் இருக்கிறது. அதன் வலது சுவர், இரண்டு மேலறைகளும் சேரும் பள்ளத்தை ஒட்டி, வலது நெஞ்சுக்கூட்டைப் பார்த்தபடி இருக்கிறது. வலது பக்கத்தில் நான்காவது விலா இடுக்கில் நுழைந்து அந்தச் சுவரைத் திறந்தால் மைட்ரல் வால்வு முகத்துக்கு நேராகத் தெரியும். நடுநெஞ்சைப் பிளந்து பார்ப்பதைவிட இந்தக் கோணம் பல நேரம் தெளிவாகவே இருக்கும். ஆக மைட்ரலுக்குப் பக்கவாட்டு வழி இயல்பாக அமைந்த வழி. அயோர்டிக் வால்வோ மார்பெலும்புக்கு நேர்பின்னால், மூன்றாவது விலா இடுக்கு மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து அயோர்டா மேல்நோக்கி, சற்று வலப்புறம் சாய்ந்து ஏறுகிறது. அயோர்டாவைக் குறுக்கே திறந்து மேலிருந்து கீழே பார்த்தால்தான் வால்வு தெரியும். அதற்கு மிகக் குறுகிய பாதை மார்பெலும்பின் மேல்பாதி வழியே.

அந்த மேல்பாதி வெட்டுக்கு மினி ஸ்டெர்னாடமி என்று பெயர். ஆங்கில எழுத்து ஜே போல எலும்பு வெட்டப்படுவதால் ஜே வெட்டு என்றும் சொல்வார்கள். தோல் கீறல் ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டர். ரம்பம் கழுத்துக் குழியில் தொடங்கி நடுக்கோட்டில் இறங்கும். நான்காவது விலா இடுக்கு மட்டத்தில், சிலருக்கு மூன்றாவதிலேயே, வலப்பக்கம் திரும்பி முடியும். இந்தத் திருப்பத்தில்தான் கவனம் வேண்டும். திரும்பும் மட்டத்தைக் கீறலுக்கு முன்பே சிடி படத்தைப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். ரம்பம் இடுக்குக்குள் போகாமல் விலா எலும்பு சேரும் இடத்தில் முடிந்தால், பிறகு வெட்டை அகலத் திறக்கும் விரிப்பான் கருவியைத் திருகும்போது மார்பெலும்பு குறுக்கே தாறுமாறாக முறியும். திருப்பம் நீண்டு போனால், எலும்பின் ஓரத்திலிருந்து ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஓடும் உள்மார்புத் தமனி அறுபடும். அந்தத் தமனி அறுந்து, மெஷினில் இருக்கும்போது கண்ணில் படாமல் இருந்துவிட்டு, ஐசியூவுக்குப் போன பிறகு நெஞ்சில் தேங்குவதை வெளியேற்றும் ட்ரெயின் குழாயில் ரத்தமாக வருவது இந்த வெட்டின் தெரிந்த சிக்கல்களில் ஒன்று. விரிப்பானை ஒரே மூச்சில் திறக்காமல் சிறிது சிறிதாகத் திறப்பதும், மூடுவதற்கு முன் வெட்டின் வலது மூலையை மறுபடி ஒருமுறை பார்ப்பதும் அதனால்தான்.

கீழ்ப்பாதி எலும்பு முழுசாக இருப்பதால் நெஞ்சுக்கூடு ஆடுவதில்லை. இருமும்போது, மூச்சை இழுக்கும்போது இரண்டு பக்கமும் உரசுவது குறைவு. மூன்று நான்கு கம்பிகளில் மூடிவிடலாம். ட்ரெயினில் வரும் ரத்தம் பொதுவாகக் குறையும், வென்டிலேட்டரிலிருந்து சற்று முன்னதாக எடுக்க முடியும். மிக முக்கியமான நன்மை ஒன்று உண்டு. ரத்தம் ஏற்றும் குழாயை அதே வெட்டின் வழியாக அயோர்டாவிலேயே போடலாம், தொடையைத் தொட வேண்டியதில்லை. ரத்தத்தை வெளியே எடுக்கும் சிரைக் குழாயும் வலது மேலறையின் நுனி வழியாக அங்கேயே போகும். அது இடத்தை அடைத்துப் பார்வையை மறைத்தால், தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, மெஷினில் மைனஸ் 40 முதல் 60 மில்லிமீட்டர் (பாதரச அளவு) வரை உறிஞ்சும் அழுத்தம் கொடுத்து வேலையை முடிப்பார்கள். சிரை வழிதான் என்பதால் தமனியைத் திறப்பதில் உள்ள ஆபத்து இதில் இல்லை.

இந்த வழியில் கை எட்டாத இடங்களும் உண்டு. இதயத்தின் அடிப்பகுதி வெட்டுக்குக் கீழே மறைந்திருக்கும். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பியை வலது கீழறையில் தைப்பதைக் கிளாம்பை எடுப்பதற்கு முன்பே, இதயம் காலியாகத் தளர்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டும். இதயம் நிரம்பித் துடிக்கத் தொடங்கிய பிறகு அங்கே ஊசி போட முயன்றால் கீழறைச் சுவர் கிழியும். ட்ரெயின் குழாயின் பாதையும் அப்படித்தான், முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளே கை விட்டு ஷாக் கொடுக்க இடமில்லை, ஆகவே ஒட்டும் பேடுகளை மயக்கம் கொடுத்த உடனேயே நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டிவிட வேண்டும். இதயத்தின் நுனியைக் கையால் தூக்கி உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவதும் இங்கே முடியாது. அதனால் ஆபரேஷன் நெடுகிலும் நிமிடத்துக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெட்டுக்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அது காற்றை விடக் கனம், உள்ளே தேங்கி நிற்கும். ரத்தத்தில் கலந்தாலும் சீக்கிரம் கரைந்துவிடும். கடைசியில் உணவுக்குழாய் வழி எக்கோவில் குமிழ்கள் போய்விட்டனவா என்று பார்த்த பிறகே அயோர்டாவில் உள்ள உறிஞ்சு ஊசியை எடுப்பார்கள்.

இன்னொரு மருத்துவர் சொல்லும் வழி வலது முன்பக்க மினி தொராகாடமி. மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்து தொடங்கி இரண்டாவது அல்லது மூன்றாவது விலா இடுக்கில் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கீறல். எலும்பை ரம்பத்தால் அறுப்பதில்லை என்பது உண்மை. எலும்பைத் தொடவே வேண்டாம் என்பது முழு உண்மை இல்லை. போதிய இடம் கிடைக்காதபோது மூன்றாவது விலாவின் குருத்தெலும்பை மார்பெலும்பிலிருந்து பிரித்து விடுவதும், முடிக்கும்போது திரும்பக் கட்டுவதும் சகஜம். வலது உள்மார்புத் தமனியைப் பெரும்பாலும் கட்டி வெட்டிவிடுவார்கள். அடைப்பு இல்லாத 61 வயதுக்காரருக்கு இது இன்றைக்குப் பெரிய இழப்பாகத் தெரியாது. பின்னாளில் பைபாஸ் தேவைப்பட்டால் அதற்குப் பயன்படுத்தக்கூடிய ஒரு நல்ல ரத்தக்குழாய் குறைந்திருக்கும்.

இந்த வழி எல்லோருக்கும் அமையாது. இத்தாலியில் மாஸா நகரத்துக் குழு இதில் நிறைய அனுபவம் பெற்று வகுத்த சிடி கணக்கைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். நுரையீரல் தமனி தெரியும் மட்டத்தில் எடுத்த குறுக்குப் படத்தில், மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்து பின்னோக்கி ஒரு நேர்கோடு போடுங்கள். ஏறும் அயோர்டாவின் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். மார்பெலும்பிலிருந்து அயோர்டாவுக்கு உள்ள ஆழம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து அயோர்டா சாயும் கோணம் 45 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இவை பொருந்தினால் வெட்டுக்கு நேர்கீழே அயோர்டா கிடைக்கும். அயோர்டா எலும்புக்கு நேர்பின்னாலோ இடப்பக்கமோ இருந்தால், வால்வை எட்டிப் பார்க்க விலாக்களை மிகவும் அகட்ட வேண்டிவரும். விலா முறிவதும், விலா நரம்பு நசுங்கி மாதக்கணக்கில் எரிச்சலாக வலிப்பதும், பின்னாளில் இருமும்போது நுரையீரல் அந்த இடுக்கில் பிதுங்குவதும் அப்படி அகட்டியதன் விளைவுகள். ஆகவே அந்த மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அப்பாவின் சிடி படத்தில் இந்த மூன்றையும் பார்த்தீர்களா என்பது. பார்க்காமலேயே முடியும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

விலா இடுக்கு வழியாகப் போகும்போது இடம் மிகக் குறைவு என்பதால், ரத்தம் ஏற்றும் குழாயைப் பெரும்பாலும் தொடைத் தமனியில் போடுகிறார்கள். இந்த விஷயத்தைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கீறலைப் பற்றிப் பேசும் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடற்பரப்பு ஏறக்குறைய 1.65 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நிமிடத்தில் 2.4 லிட்டர் என்று வைத்தால் மெஷின் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்ட வேண்டும். அதற்கு 17 ஃப்ரெஞ்ச் அளவுக் குழாயாவது வேண்டும். மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால், அது 5.7 மில்லிமீட்டர் தடிமன். தொடைத் தமனியின் உள்விட்டம் 7 மில்லிமீட்டர் இருந்தால் குழாயைச் சுற்றிக் காலுக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். 5.5 இருந்தால் குழாய் தமனியையே அடைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் கால் வெளுத்துச் சில்லிடும். சிறிய உடல்வாகுள்ள பெண்களிடம் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். அப்போது தமனியின் கீழ்ப்பக்கத்துக்கு 6 அல்லது 8 ஃப்ரெஞ்ச் அளவில் தனிச் சிறுகுழாய் போட்டுக் காலுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், அல்லது ரத்தம் ஏற்றும் குழாயை நேராக அயோர்டாவிலோ தோள்பட்டைக்குக் கீழே உள்ள தமனியிலோ போட வேண்டும்.

இன்னும் பெரிய கவலை மூளை. தொடையிலிருந்து ஏறும் ரத்தம் இயல்புக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக அயோர்டாவில் ஓடுகிறது. இறங்கு அயோர்டாவின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தால், அந்த வேகத்தில் துண்டு பெயர்ந்து மூளைக்குப் போகலாம். உட்சுவரே பிரிந்து, அயோர்டா நெடுகக் கிழிவதும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரக் குழு 1998இல் வெளியிட்ட ஆரம்பகால மைட்ரல் அனுபவத்திலேயே இப்படிப்பட்ட கிழிவுகள் பதிவாகின. அமெரிக்காவின் தொராசிக் சர்ஜன்கள் சங்கத்தின் தரவைக் கொண்டு 2010இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டில், சிறுகீறல் மைட்ரல் ஆபரேஷன்களில் பக்கவாதம் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. கிளாம்பே போடாமல் இதயத்தைத் துடிக்கவோ நடுங்கவோ விட்டுச் செய்தவர்களிடம் இன்னும் கூடுதலாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கைவிட வேண்டிய முறை இல்லை இது. கழுத்திலிருந்து தொடை வரை முழு ரத்தக்குழாய்ப் பாதையையும் சிடி ஆஞ்சியோவில் பார்த்து, சுவர் அழுக்காக உள்ளவர்களை ஒதுக்கிவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. 61 வயதில், அதுவும் புகைப்பழக்கம் இருந்தவர் என்றால், இந்தப் பரிசோதனை செய்யாமல் தொடை வழியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? முழு வெட்டையும் மேல்பாதி வெட்டையும் அயோர்டிக் வால்வுக்குக் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வுகள் இரண்டு கவனிக்கத்தக்கவை. மினி ஸ்டெர்ன் ஆய்வில் 222 பேர். அதில் மேல்பாதி வெட்டு மருத்துவமனை நாட்களைக் குறைக்கவில்லை, செலவிலும் லாபமில்லை. மாவ்ரிக் ஆய்வில் 270 பேர். அதில் மார்பெலும்பின் மேல்முனைத் துண்டான மெனூப்ரியத்தை மட்டும் பிளந்தார்கள். ட்ரெயினில் வந்த ரத்தம் குறைந்தது, ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறையவில்லை, மெஷினில் இருந்த நேரம் கூடியது. இரண்டிலும் பாதுகாப்பு சமம். விளம்பரங்களில் சொல்வது போல எல்லாமே பாதியாகக் குறைவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மைட்ரலில் 2023இல் வெளியான யூகே மினி மைட்ரல் ஆய்வு 10 மருத்துவமனைகளில் 330 பேரைச் சேர்த்தது. 12 வாரம் கழித்து உடல் இயங்கும் திறனில் பக்கவாட்டு வழிக்கும் முழு வெட்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் பக்கவாட்டுக் குழுவினர் வீடு திரும்பியது சராசரியாக ஐந்தாம் நாள், மற்றவர்கள் ஆறாம் நாள். வால்வைப் பழுதுபார்த்த தரமும் இரண்டிலும் ஒன்றே. சீக்கிரம் நடமாட உதவும், மூன்று மாதத்தில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்துசேர்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மேல்பாதி எலும்பையும் வலது முன்பக்க இடுக்கையும் நேருக்கு நேர் ஒப்பிட்டவை பெரும்பாலும் பழைய பதிவேடுகளைத் திருப்பிப் பார்த்த ஆய்வுகளே. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டும் விலா இடுக்கு வழி செய்யப்படுவதால் அவற்றின் நல்ல எண்களைச் சற்று நிதானமாகவே படிக்க வேண்டும்.

என் கருத்து: அப்பாவைப் போன்றவருக்கு, இரண்டு வழியும் உடலமைப்பில் பொருந்தினால், மேல்பாதி மார்பெலும்பு வெட்டே முதல் தேர்வு. தொடைத் தமனியைத் தொட வேண்டாம், வால்வை நேராகப் பார்க்கலாம், மெஷின் நேரம் கட்டுக்குள் இருக்கும். எல்லாவற்றையும் விட, ஏதாவது தவறினால் தப்பிக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. ரம்பத்தை மறுபடி எடுத்து மீதி எலும்பையும் பிளந்தால் சில நிமிடத்தில் இதயம் முழுவதும் வெளியே. விலா இடுக்கில் இருக்கும்போது அயோர்டாவின் பின்சுவரில் கசிவு வந்தால், நடுநெஞ்சில் புதிதாக முழு வெட்டு போட வேண்டும். நோயாளி இரண்டு காயங்களோடு வீடு திரும்புவார். இதனால்தான் விலா இடுக்கில் வேலை செய்பவர்கள் அயோர்டாத் தையலை மெஷினை நிறுத்துவதற்கு முன்பே, அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகச் சரிபார்க்கிறார்கள். மெஷினை நிறுத்தி இதயம் நிரம்பிவிட்டால் பின்பக்கத் தையல் கண்ணில் படாது.

விலா இடுக்கே மேல் என்று சொல்லக்கூடிய நோயாளிகளும் இருக்கிறார்கள். ஏற்கெனவே மார்பெலும்பில் கதிர்வீச்சு எடுத்தவர், எலும்பு ஒட்டாத ஆபத்து மிகுந்தவர், டயாலிசிஸில் இருப்பவர், முன்பு பைபாஸ் செய்து குழாய்கள் எலும்புக்குப் பின்னால் ஒட்டியிருப்பவர், இரண்டு கையையும் ஊன்றி எழவேண்டிய மூட்டுநோய்க்காரர். இவர்களுக்கு எலும்பு முழுசாக இருப்பதே பெரிய லாபம்.

தையலில்லா வால்வைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இடம் குறுகலாக இருக்கும்போது பதினைந்து முடிச்சுகளை நீளக் கம்பியால் தள்ளித் தள்ளிப் போடுவது நேரம் தின்னும். பெர்சிவல் போன்ற, மூன்று தையலை வழிகாட்டியாக வைத்து இறக்கிவிடும் வால்வு அந்த நேரத்தைக் குறைக்கிறது. விலை கூடுதல் என்பதோடு இன்னொரு விலையும் உண்டு. பெர்சிஸ்ட் ஏவிஆர் ஆய்வில் இப்படிப்பட்ட வால்வு வைத்தவர்களில் 11.1 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது; தைத்த வால்வுகளில் அது 3.6 சதவீதம். அதோடு, 61 வயதில் வால்வு சுருங்கியிருந்தால் பிறவியிலேயே இரண்டு இதழ் மட்டும் உள்ள வால்வாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் வாய் வட்டமாக இராது என்பதால் தையலில்லா வால்வு நன்றாகப் பொருந்தாமல் ஓரத்தில் கசியலாம். இரண்டு இதழ் வால்வோடு ஏறும் அயோர்டாவும் வீங்கியிருந்தால் கதையே வேறு. அதையும் மாற்ற வேண்டுமானால் விலா இடுக்கை மறந்துவிடுங்கள்.

அக்காவுக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் ஒப்பிட்டுப் பேசும்போது உதவும். மைட்ரலுக்கான வலது பக்கவாட்டு வழியில், பெண்களுக்கு மார்பகத்தின் அடிமடிப்பிலோ அக்குள் முன்கோட்டை ஒட்டியோ நான்கு முதல் ஏழு சென்டிமீட்டர் கீறல். வலது நுரையீரலை மட்டும் சுருக்கி வைக்க இரட்டைக் குழல் உள்ள சுவாசக் குழாய் போடுவார்கள். தனித்துளை ஒன்றில் கேமரா, இன்னொன்றில் அயோர்டாவை அடைக்கும் நீளக் கிளாம்ப். மெஷின் குழாய்கள் தொடையில். இடது மேலறைச் சுவரைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியை மார்பெலும்பின் ஓரமாக நெஞ்சைத் துளைத்துச் செலுத்துவார்கள். அந்தத் துளையிலும் உள்மார்புத் தமனி குத்துப்படலாம். இதய உறையைத் திறக்கும்போது உதரவிதான நரம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னால் திறக்க வேண்டும். நரம்புக்கு மிக அருகில் திறந்து தையல் போட்டு இழுத்தால் வலது உதரவிதானம் செயலிழந்து, மூச்சு வாங்குவது மாதக்கணக்கில் நீடிக்கும். மெஷின் நேரம் மிக நீண்டால் சுருங்கிக் கிடந்த வலது நுரையீரல் விரிந்ததும் அதில் மட்டும் நீர் கோத்துக்கொள்ளும், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும்.

இந்த வழி கூடாதவர்களில் நம் ஊரில் முக்கியமானவர்கள், காசநோயால் வலது நுரையீரல் உறை ஒட்டிப்போனவர்கள். ஒட்டிய நுரையீரலைப் பிரிக்கப் போனால் காற்றும் ரத்தமும் கசியும். அடுத்து, அயோர்டிக் வால்வும் ஓரளவுக்கு மேல் கசிபவர்கள். அயோர்டாவில் ஊசி வைத்துக் கொடுக்கும் கார்டியோபிளீஜியா இதயத் தசைக்குப் போகாமல் கீழறைக்குள் ஒழுகிவிடும். கூடவே பைபாஸும் தேவைப்படுபவர்கள், மைட்ரல் வளையம் முழுக்கச் சுண்ணாம்பு படிந்தவர்கள், ஒற்றை நுரையீரலில் தாக்குப்பிடிக்காத அளவுக்கு நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் முழு வெட்டே பாதுகாப்பு.

ஒரு காலத்தில் மார்பெலும்பின் வலது ஓரத்தில் நெடுக்காகக் கீறி, இரண்டு விலாக் குருத்தெலும்புகளை வெட்டி எடுத்துவிட்டு நுழைந்தார்கள். கிளீவ்லாந்து கிளினிக்கில் காஸ்குரோவ் 1996இல் அறிமுகப்படுத்திய அந்த வழிதான் இந்தத் துறைக்கே வாசலைத் திறந்தது. எலும்பில்லாத அந்த இடம் பிறகு மூச்சுக்கு மூச்சு உள்வாங்கிப் புடைத்ததால் சீக்கிரமே கைவிடப்பட்டது. அதற்கும் முன்பு, 1993இலேயே, வலது பக்க விலா வழியாக அயோர்டிக் வால்வை மாற்றியதை இந்திய மருத்துவர்களான ராவும் குமாரும் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை இங்கே குறிப்பிடுவது நியாயம்.

ரோபோ வழி, பக்கவாட்டு வழியின் நுணுக்கமான வடிவம்தான். விலாவை அகட்டாமலே செய்யலாம் என்பது அதன் பலம். செலவு கூடும், மெஷின் நேரமும் கூடும். நெஞ்சைத் திறக்காமல், காலின் ரத்தக்குழாய் வழியாக வால்வை வைக்கும் டாவி முறையையும் யாராவது சொல்வார்கள். அமெரிக்க 2020 வழிகாட்டுதல் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆபரேஷனையே முன்வைக்கிறது. 61 வயதில் இரண்டு இதழ் வால்வாகவும் இருந்தால் அது இன்னும் வலுவான காரணம்.

வலியைப் பற்றி இரண்டு வார்த்தை. விலா இடுக்கு வழியில் வலியே இல்லை என்று நம்பிப் போனால் முதல் மூன்று நான்கு நாட்கள் ஏமாற்றமாக இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா அசைவதால் எலும்பு வெட்டைவிட அந்த நாட்களில் வலி கூடுதலாகவே இருப்பதுண்டு. விலா நரம்புகளுக்கு மரப்பு ஊசி போட்டால் தாங்கும்படி ஆகிவிடும். வாரம் இரண்டு கடந்தால் நிலைமை தலைகீழ்: விலா இடுக்குக்காரர் மூன்றாவது நான்காவது வாரத்தில் சாதாரண வேலைகளுக்குத் திரும்பலாம், எலும்பு அறுபட்டவர் காத்திருக்க வேண்டும். மேல்பாதி மட்டும்தானே என்று எண்ணி மூன்றாவது வாரமே டூவீலர் எடுப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் கம்பி அறுபடக் காரணமாகின்றன. பாதியோ முழுதோ, வெட்டிய எலும்பு ஒட்ட ஆறு வாரமாவது வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். இந்த வழியில் நீங்கள் வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? லைப்சிக்கில் 17 மருத்துவர்கள் செய்த மைட்ரல் ஆபரேஷன்களை அலசியபோது, கை படிய 75 முதல் 125 ஆபரேஷன் தேவைப்பட்டது. படிந்த கையைத் தக்கவைக்க வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்ய வேண்டியிருந்தது. முழு வெட்டுக்கு மாற்ற வேண்டிவந்தது எத்தனை பேருக்கு, என்ன காரணத்தால்? ரத்தம் ஏற்றும் குழாயை எங்கே போடுவீர்கள், தொடை என்றால் தமனியின் விட்டம் எவ்வளவு? எந்த வால்வு, ஏன்? சிறுகீறலுக்கென்று தனியாக வாங்கும் குழாய்களும் கருவிகளும் பில்லில் எவ்வளவு, காப்பீடு அதை ஏற்குமா?

தொடையில் குழாய் போட்டிருந்தால், வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சுக் காயத்தைவிட அந்தக் கவட்டைக் காயத்தைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், ஆனால் அங்கே நிணநீர்க் குழாய்கள் அடர்த்தி. நாலைந்து நாள் கழித்துத் தெளிந்த நீர் கசிந்தாலோ, முட்டை அளவுக்கு வீங்கினாலோ அழுத்திப் பிடித்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே புதிய வால்வு இருக்கும்போது எந்தக் காயத்திலும் சீழ் பிடிக்க விடக்கூடாது.